புல் அறுத்த காயம்

பொங்கலன்று அப்பா கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார், இனிமேல் மோகன் மாமா மேல் கை வைக்க மாட்டேன் என்று. மோகன் மாமா அம்மாவின் தம்பி. பக்கத்துக் கழனிக்காரர். போர்வெல் தண்ணீர் யாருக்கு முதலில் என்பதில் இரண்டு பேருக்கும் ஓயாத சண்டை. இன்னொரு தடவை அடித்தால் பிறந்த வீட்டுக்கே போய்விடுவேன் என்று அம்மா சொல்லியிருந்தார். சத்தியம் மூன்று மாதம் தாங்கியது. எங்க அப்பாவுக்கு அதுவே அதிகம்.

செவ்வாய்க்கிழமை வலது கையில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். மாட்டுக்குப் புல் அறுக்கும்போது கத்தி பட்டுவிட்டதாம். கத்தி பிடிக்கிற கையிலேயே கத்தி எப்படிப் படும்? நான் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் கொடுத்தார்.

வியாழக்கிழமை கை பன்னு மாதிரி உப்பிவிட்டது. விரல் மடங்கவில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றார். அங்கே எப்படி ஆச்சு என்று கேட்பார்கள். அம்மா பக்கத்திலேயே நிற்பார். அவ்வளவுதான் பயம்.

அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னார். "ஸ்கூல்ல பல் முகாம் போட்டாங்களாம். நம்ம ஊர்ல ஒருத்தர் வாயில பொல்லாத கிருமி கீதாம். அந்தப் பல்லு யாரையாவது கிழிச்சிருந்தா விரலையே எடுக்கணுமாம்."

"யாரு வாயில?"

"பேரு சொல்ல மாட்டாங்களாம்."

அப்பா இடது கையில் பிடித்திருந்த ஸ்பூனைக் கீழே வைத்தார். "உன் தம்பி போனானா?"

"மொத ஆளா நின்னுக்கினு இருந்தானாம்."

"வண்டி சாவி எங்க கீது?"

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிரிஸ்கில்லா துணியை அவிழ்த்துப் பார்த்தார். விரல் முட்டியில் இரண்டு பல் தடம். யார் பல் என்று கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், "மச்சானுது" என்றார்.

அம்மா கொண்டுவந்திருந்த பெரிய பையைத் திறந்தார்.

நர்ஸ் காயத்தைக் கழுவிவிட்டார். நல்லவேளை வந்தீர்கள், இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் எலும்புக்குப் போயிருக்கும், மூன்று நாள் தங்கி ஊசி போட வேண்டும் என்றார்.

"அவன் வாயில இருக்கிறது அவ்ளோ மோசமான கிருமியா, மேடம்?"

"எல்லார் வாயிலயும் இருக்கிறதுதான். உங்க வாயிலயும் கீது. வாயில இருந்தா சும்மா இருக்கும், மூட்டுல போனாதான் வேலை காட்டும்."

"அப்போ முகாம்ல சொன்னது?"

"இன்னா முகாம்?"

அப்பா மெதுவாக அம்மா பக்கம் திரும்பினார். அம்மா பையிலிருந்து தட்டு, டம்ளர், போர்வை எல்லாம் எடுத்துக் கட்டில் மேல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மூணு வேளையும் சோறு மோகன் கொண்டாருவான். காலையிலயே சொல்லிட்டேன்."