உங்கள் தம்பிக்குப் பக்கவாதம் இல்லை

பெருமதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

தங்கள் தம்பியின் மனைவி பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் மூவரும் நலம். மூவரில் ஒருவர் நலமில்லாதவர்போல் நடித்துக்கொண்டிருக்கிறார் என்பதைத் தவிர வேறு குறை எதுவும் இல்லை. தங்கள் நலத்தையும், குறிப்பாகத் தங்கள் தொண்டையின் நலத்தையும் அறிய ஆவல். கோர்ட்டில் சாட்சிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடும் தங்கள் குரல் இந்தக் கடிதத்தின் முடிவில் எனக்குத் தேவைப்படுகிறது. தங்கள் தம்பி இந்த உலகத்தில் பயப்படுவது அந்த ஒரு குரலுக்குத்தான் என்பது தங்களுக்கும் தெரியும், கல்யாணமான மறுவாரத்திலிருந்து எனக்கும் தெரியும்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று தாங்கள் கேட்கலாம். இந்த வேனுக்குள் ரகசியம் பேச இடமில்லை. மெசேஜ் அனுப்பினால் என் மகள், நம் வாலு, எனக்கு முன்னால் எடுத்துப் படித்துவிடுகிறாள். ஒன்பது வயதுப் பெண்ணால் படிக்க முடியாதது என் கையெழுத்து ஒன்றுதான். ஆகவே ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக வேனை நிறுத்தி, ஸ்டியரிங் மேல் பேப்பரை வைத்து எழுதுகிறேன். வெளியே உங்கள் தம்பி சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறார். பேஷண்ட் இவ்வளவு நேரம் குனியக் கூடாது என்று வாலு அவரை அதட்டுவது கேட்கிறது. அந்த பேஷண்ட் விஷயமாகத்தான் இந்தக் கடிதம்.

முதல்லேருந்து சொல்றேன் அண்ணி. வாலுவுக்கு அஞ்சு வயசுல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாததில்ல. கயிறு தாண்டிட்டிருந்தவ இடது கையிலேருந்து கயிறு நழுவிச்சு, எடுத்தா மறுபடி நழுவிச்சு, வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு, கூட விளையாடின பிள்ளைங்க இவ பழிப்புக் காட்டறான்னு நினைச்சு கைகொட்டிச் சிரிச்சாங்க. தூக்கிட்டு ஓடினா, முதல்ல பார்த்த டாக்டரே இந்த வயசுல பக்கவாதமான்னு யோசிச்சுக்கிட்டு நின்னார். அப்படி நின்ன நேரத்துக்குத்தான் இன்னிக்கு வரைக்கும் விலை குடுத்துட்டிருக்கோம். அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல எங்க கூட உக்காந்திருந்தது நீங்க ஒருத்தர்தான், அதை நான் மறக்கல. அப்புறம் நடை வந்துச்சு, பேச்சு வந்துச்சு, வாய் தேவைக்கு மேலேயே வந்துச்சு. இடது கை மட்டும் வரல. பயிற்சி செஞ்சா வரும்கறாங்க, ஆனா அவ அதை பாக்கெட்டுலேருந்து வெளியே எடுத்தாத்தானே. நான் ஒரு தையல்காரி, ஊர் பிள்ளைங்களுக்கெல்லாம் யூனிஃபார்ம் தைக்கறவ, என் பொண்ணு கவுனுக்கு மட்டும் இடது பக்கம் ஆழமா ஒரு பாக்கெட் வச்சுத் தைச்சுக் குடுக்கறேன், இல்லைன்னா போட்டுக்க மாட்டா. பயிற்சி குடுக்கற அம்மா சாக்லேட் காட்டிப் பார்த்தாங்க. நான் கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். கை வெளியே வரல. சாமிகிட்ட நான் வேற எதுவும் கேக்கறதில்ல அண்ணி, அந்த ஒரு கைதான்.

இதுல உங்க தம்பிக்கு ஒரு யோசனை. லிஃப்ட் மெக்கானிக்கா காலம் பூரா மேலேயும் கீழேயுமா போய்ட்டிருந்த மனுஷன் திடீர்னு நேரா போகணும்னு ஆசைப்பட்டார். குழந்தைகளுக்கும் பக்கவாதம் வரும்னு யாருக்கும் தெரியல, அதை ஊர் ஊரா சைக்கிள்ல போய்ச் சொல்றேன், நிதியும் திரட்டி ஆஸ்பத்திரியில குழந்தைங்க வார்டுக்குக் குடுக்கறேன்னார். இந்தக் கடற்கரையில புறப்பட்டு அந்தப் பக்கத்துக் கடற்கரை வரைக்கும் அவர் சைக்கிள்ல, பின்னாலயே நானும் வாலுவும் வேன்ல. சைக்கிள் ஏறி எத்தனை வருஷமாச்சுன்னு கேட்டேன், அதெல்லாம் மறக்காதுன்னார். மறக்கல, உண்மைதான், ஆனா முட்டிக்கு அது ஞாபகம் இல்ல. பின்பக்கம் மெத்தை வச்ச டவுசர் ஒண்ணு வாங்கிட்டு வந்தார். எத்தனையோ துணி வெட்டித் தைச்ச நானே அதைப் பார்த்துட்டு எது முன்பக்கம்னு குழம்பிட்டேன், அவரும் குழம்பி முதல் நாள் திருப்பிப் போட்டுட்டுப் போனார், அதைப் பத்தி இதுக்கு மேல எழுதறது மரியாதை இல்ல. மறுநாள் சைக்கிள்ல கூட்டமா போன நாலு பேரைப் பார்த்து, ஆஹா நமக்கு ஆதரவு தர வந்திருக்காங்கன்னு அவங்க கூடவே பேசிக்கிட்டுப் போயிருக்கார். அவங்க மில் தொழிலாளிங்க. ஷிஃப்டுக்கு அவங்களோட சேர்ந்து இவரும் கேட்டுக்குள்ள போய்ட்டார். நான் ரோடு முழுக்கத் தேடி அலையறேன், இவர் கேண்டீன்ல டீ குடிச்சுட்டு, அங்கே ஒரு லிஃப்டை வேற ரிப்பேர் பண்ணிக் குடுத்துட்டு வர்றார்.

வேன் மேல ஸ்பீக்கர் கட்டியிருக்கோம். அதுல ஓடற பேச்சை உங்க தம்பி எங்க வீட்டுச் சமையலறைப் பக்கமா நின்னுதான் பதிவு பண்ணியிருக்கார், எனக்குச் சொல்லவே இல்ல. "குழந்தைகளுக்கும் பக்கவாதம் வரும், முகம் ஒரு பக்கம் கோணினால், கை துவண்டால், பேச்சு குழறினால்" வரைக்கும் அவர் குரல் கம்பீரமா வருது, அதுக்கப்புறம் என் குரல், அடுப்புல பால் பொங்குது காதுல விழலையா, எத்தனை தடவை கத்தறதுன்னு. எங்க வேன் போற தெருவுல எல்லாம் ஜனங்க வாசலுக்கு வராம சமையலறைக்கு ஓடறாங்க. பக்கவாதத்தைப் பத்தி எத்தனை பேருக்குத் தெரிஞ்சுச்சோ தெரியல, எங்க வழியில ஒரு வீட்லயும் பால் வீணாகல.

இதையெல்லாம் பொறுத்துக்கிட்டேன். பொறுக்க முடியாததுக்கு வர்றேன். ஒரு நாள் மதிய வெயில்ல ஒரு மருந்துக் கடை முன்னால வந்து இறங்கினார். இடது கால் சுளுக்கிப் பிடிச்சு இழுத்துக்கிட்டு நடக்கறார், கன்னத்துல ஒரு மிட்டாயை அடக்கியிருந்ததால வாய் ஒரு பக்கமா இருக்கு, மூச்சு வாங்கறதுல பேச்சு குழறுது. பின்னால வேன்ல பக்கவாதம்னு பெரிய எழுத்துல பேனர். மருந்துக் கடைக்காரம்மா பதறிப்போய் நாற்காலி போட்டு, ஐயோ பாவம், எப்போ வந்துச்சுன்னு கேட்டாங்க. அவர் மிட்டாயை முழுங்கிட்டுப் பதில் சொல்றதுக்குள்ள வாலு முந்திக்கிட்டா. அவர் முதுகுல தட்டிக்குடுத்து, ரெண்டு வருஷமாச்சு, இப்ப தேவலை, சொன்ன பேச்சு மட்டும் கேக்க மாட்டாருன்னா. அந்தம்மா வாலு கன்னத்தைத் தொட்டு, "அப்பாவை நல்லாப் பாத்துக்கறியே தங்கம்"னாங்க. அண்ணி, நாலு வருஷமா எங்கே போனாலும் என் பொண்ணைப் பார்த்து உச்சுக்கொட்டாத ஆள் இல்ல. அவளைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்ல. அவ முகம் பூரிச்சுப் போச்சு. உங்க தம்பி அந்த முகத்தைப் பார்த்தார், மருந்துக் கடைக்காரம்மாவைப் பார்த்தார், ஆமாங்கன்னு தலையாட்டிட்டார்.

அன்னிலேருந்து எல்லா ஊர்லயும் இதே கூத்து. வாலு முன்னால போய் நின்னு அறிமுகம் பண்றா, அவர் காலை இழுத்துக்கிட்டு வர்றார். ஒரு ஊர்ல சலூன்காரர் காசு வாங்காம ஷேவ் பண்ணிவிட்டார், பேஷண்ட் தலை ஆடக் கூடாதுன்னு வாலு பிடிச்சுக்கிட்டா. இன்னொரு ஊர்ல கைத்தடியோட பெரியவங்க எல்லாம் வந்து, தம்பி நீங்க என்ன மருந்து சாப்பிட்டீங்கன்னு கேக்கறாங்க. அதுல ஒரு ரிட்டயர்டு வாத்தியாருக்கு, தனக்குப் பின்னால வாதம் வந்த பையன் தனக்கு முன்னால சைக்கிள் ஓட்டறானேன்னு உண்மையாவே கோபம். உள்ளூர்ப் பேப்பர்ல பக்கவாதத்தை வென்ற வீரர்னு போட்டோ வேற. எப்பவும் எந்தக் கால்னு மறந்துடறார், போட்டோவுல வலது காலை இழுக்கறார். பெரியவங்களுக்குப் பக்கவாதம் வரும்னு ஊருக்கே தெரியும் அண்ணி. தெரிஞ்ச விஷயத்தைச் சொல்றதுக்கா பாதி நாட்டை மிதிச்சுக் கடந்தோம்? நம்ம பிள்ளைக்கு நடந்தது இன்னொரு பிள்ளைக்கு நடக்கக் கூடாதுன்னுதானே புறப்பட்டோம்?

சாயங்காலம் ஆனா இன்னொரு கூத்து. அவளுக்கு ஆஸ்பத்திரியில சொல்லிக்குடுத்த பயிற்சி எல்லாத்தையும் இவ அவருக்குச் சொல்லிக்குடுக்கறா. என் துணி கிளிப் மொத்தமும் பறிமுதல். அதை ஒண்ணொண்ணா கிண்ணத்து விளிம்புல மாட்டணுமாம் பேஷண்ட். நான் வேனுக்குப் பின்னால குழாயடியில துவைச்சுக்கிட்டே கேட்டுட்டிருப்பேன். அப்படி இல்ல, கட்டை விரலை இங்க வை, அவசரப்படாதே, பாக்கெட்டுல கை போடக் கூடாதுன்னு ஒரே அதட்டல். யார் யாரைச் சொல்றது பாருங்க. கிளிப் இல்லாம காயப்போட்ட பனியன் ஒண்ணு ஓடற வேன்லேருந்து பறந்து பின்னால வந்த லாரி கண்ணாடியில போய் ஒட்டிக்கிச்சு. அந்த டிரைவர் சொன்னதையும் இங்கே எழுதறது மரியாதை இல்ல.

நேத்து சண்டை போட்டேன். உண்மையைச் சொல்லுங்க, இல்லைன்னா நான் சொல்லிடுவேன்னேன். எப்பவும் எதிர்த்துப் பேசறவர், இந்தத் தடவை சைக்கிள் செயினைத் துடைச்சுக்கிட்டே மெதுவா சொன்னார்.

"கொஞ்ச நாள் நான் பேஷண்டா இருந்துட்டுப் போறேனே. அவ நாலு வருஷம் இருந்தாளே."

எனக்கு அழுகை வந்துடுச்சு. என்னால அவரை மாத்த முடியாதுன்னுதான் உங்களுக்கு எழுதறேன். அடுத்த வாரம் கடைசி ஊர்ல பெரிய கூட்டம், அம்மா அப்பாமார் நிறையப் பேர் வருவாங்க. அங்கேயும் நான்தான் பேஷண்டுன்னு வாலுவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கார். அண்ணி, ஞாயித்துக்கிழமை போன் பண்ணி, கோர்ட்ல கூப்பிடற அதே குரல்ல ஒரே ஒரு தடவை அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, உண்மையைச் சொல்லுடான்னு சொல்லுங்க. போதும். நான் அவளைச் சமாதானப்படுத்திக்கறேன்.

எங்கள் குடும்பத்தின் மேல் எப்போதும் போலத் தங்கள் கனிவு இருக்க வேண்டும். மாமாவுக்கு என் வணக்கம். தங்கள் குரல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் தம்பியை நம்பி வேன் ஓட்டும் அவர் மனைவி

பின்குறிப்பு: மேலே எழுதினது எல்லாம் நேத்து. அதையெல்லாம் அடிச்சுட்டுப் புதுசா எழுதியிருக்கணும், பேப்பர் தீர்ந்து போச்சு. கவர் ஒட்டப் பசை வாங்கலாம்னு இன்னிக்குக் காலையில ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிர்க் கடையில வேனை நிறுத்தினேன். பேனரைப் பார்த்துட்டு ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து, பிள்ளைங்களை விட வந்தவங்களும் இருக்காங்க, ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போங்கன்னு உள்ளே கூட்டிட்டுப் போனாங்க. உங்க தம்பி வழக்கம்போல காலை இழுத்துக்கிட்டுப் போய் நாற்காலியில உக்காந்தார். வாலு கிண்ணமும் கிளிப்புமா பக்கத்துல நின்னா. முன்னால கைக்குழந்தையோட நின்ன ஒரு அம்மா, பேனர்ல குழந்தைகளுக்கும்னு போட்டிருக்கே, அதெல்லாம் எங்கே வருது, யாராவது பார்த்திருக்கீங்களான்னு கேட்டாங்க. உங்க தம்பி வாயைத் திறந்தார், வாலுவைப் பார்த்தார், மூடிட்டார். நான் சொல்லிடலாம்னு எழுந்தேன். அதுக்குள்ள வாலுவுக்குக் கோபம் வந்துடுச்சு, அவளுக்குச் சேர வேண்டிய பரிசை வேற யாருக்கோ குடுத்துட்ட மாதிரி.

"எனக்குத்தான் முதல்ல வந்துச்சு. அப்பாவுக்கெல்லாம் அப்புறம்தான். அவருக்கு நான்தான் சொல்லிக்குடுக்கறேன், பாருங்க."

பாருங்கன்னு சொல்லிட்டு ஒரு கிளிப்பை எடுத்துக் கிண்ணத்து விளிம்புல மாட்டிக் காட்டினா. மெதுவா, விரல் நடுங்க, ஒரு தடவை நழுவவிட்டு, மறுபடி எடுத்து மாட்டினா. இடது கையால, அண்ணி. பேஷண்டுக்கு இடது கைன்னா சொல்லிக்குடுக்கறவளும் இடது கையாலதானே சொல்லிக்குடுக்கணும். இத்தனை சாயங்காலமும் முதுகைக் காட்டிக்கிட்டுத் துணி துவைச்ச எனக்கு அது தோணவே இல்ல. அந்தம்மா எங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு அவகிட்ட போய்க் கேட்டாங்க. இவ பெரிய டாக்டர் மாதிரி, முகம் கோணினா, கை துவண்டா, பேச்சு குழறினா அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும், குழந்தைக்கெல்லாம் வருமான்னு யார் கேட்டாலும் நிக்கக் கூடாதுன்னு சொன்னா. கை பாக்கெட்டுக்குப் போகவே இல்ல.

உங்களுக்கு முன்னாடியே தெரியுமான்னு உங்க தம்பியைக் கேட்டேன். முதல் நாளே பார்த்தேன், சொன்னா நீ உத்துப் பார்ப்ப, நீ உத்துப் பார்த்தா அவ நிறுத்திடுவான்னார். அந்த ஆளை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல அண்ணி. வேனுக்குப் பின்னால போய் நல்லா அழுதுட்டு வந்தேன்.

ஞாயித்துக்கிழமை அவசியம் போன் பண்ணுங்க. வாலுதான் எடுப்பா. அப்பாவுக்கு எப்படி இருக்குன்னு ரொம்பக் கவலையா கேளுங்க. குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கங்க, பேஷண்டுக்கு அதிர்ச்சி ஆகாதாம்.