கேந்தி அண்ணாச்சியின் மஞ்சள் கரு

குற்றாலத்துக்கு ஜனங்கள் அருவிக்காகத்தான் வருகிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் கேந்தி அண்ணாச்சி. தன் லாட்ஜ் ஆம்லெட்டுக்காக வருகிறவர்கள், வந்த இடத்தில் குளிக்கவும் செய்கிறார்கள் என்பது அவர் கட்சி.

சீசன் முடிந்து சாரல் நின்றுவிட்டால் அந்த லாட்ஜில் மேனேஜர் அவர், மாத வாடகைக்காரன் நான், மொட்டைமாடியில் அவருடைய முட்டைக் கோழிகள். வேறு ஈ காக்கை கிடையாது. தென்காசி ஆபீஸிலிருந்து திரும்பினால் பேச்சுத்துணைக்கு அவரை விட்டால் எனக்குச் சுவர்தான். அவருக்கு நான் இல்லாவிட்டால் கோழிதான்.

கடைத் தீவனத்தில் தினமும் ஏதாவது கலப்பார். முருங்கைக்கீரை சத்துக்கு, கீழாநெல்லி ஈரலுக்கு. கேந்தி என்று அந்தப் பக்கம் சொல்லும் துலுக்கச்சாமந்திப் பூவைக் காயவைத்துப் பொடித்துப் போட்டால் கரு சிவக்கும் என்பார். பூக்கடைகளில் மிஞ்சிய கேந்தியைக் கேட்டு அலைந்துதான் அந்தப் பெயரே வந்தது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை மாலையைக் கழற்றட்டும் என்று பின்னாலேயே நின்றார். பெண்வீட்டுப் பெரியவர் போலிருக்கிறது என்று பந்தியில் முதல் வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள்.

ஒருமுறை கோழிகளுக்குச் சளி பிடிக்கக்கூடாதென்று பூண்டை அளவில்லாமல் அரைத்துப் போட்டார். ஆம்லெட்டில் பூண்டு நாறியது.

“நமக்குப் பூண்டு மிச்சம்லா,” என்றார், முகத்தில் சலனமே இல்லாமல்.

தினமும் காலையில் என் ஆஃப்பாயில் தட்டருகே நின்று, கரு என்ன நிறம் என்று கேட்பார். முந்தின நாள் சொன்ன பதிலையே சொன்னால் கோபம் வரும். நன்றாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் சொல்லாவிட்டால் கோழியா வந்து சொல்லும் என்பார்.

எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்ததைச் சொன்னேன். அன்றிலிருந்து தீவனத்தில் கேந்தியை அள்ளி அள்ளிப் போட்டார். கிளம்பும் நாள் காலையில் கரு செக்கச்செவேலென்று இருந்தது.

“இப்படி முட்டை மெட்ராஸ்ல கிடைக்குமா சார்? பேசாம இங்கனயே இருந்திருங்களேன்,” என்றார்.

தட்டைக் காலி செய்துவிட்டுப் பெட்டியை எடுத்தேன்.

இப்போதும் ஞாயிறு காலையில் போன் வரும். கரு எப்படி இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

“வெளிறிப்போய்க் கிடக்கு, அண்ணாச்சி.”

“அப்படித்தான் இருக்கும்,” என்பார் பரம சந்தோஷமாக. பிறகு குரல் இறங்கும். “எப்ப வாரீய?”

முட்டையே தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லி வெகுநாளாயிற்று. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு முட்டை வாங்கி, உடைத்து வைத்துக்கொண்டு, அவருடைய போனுக்காகக் காத்திருக்கிறேன்.