ஆரோக்கியத்தின் கிதாருக்கு நான் வாதாடிய கதை

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை முடி என்பார்கள். ஒரு பொய்கூடக் கலக்காமல், சுத்தமான உண்மையை மட்டும் அடுக்கி, ஒரு கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தவன் திருச்சி ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்கு விடை கொடுத்துவிட்டது. தென்னூரில் அண்ணனின் சைக்கிள் கடையில் உட்கார்ந்து கையில் கிடைத்ததையெல்லாம் படித்ததில், வாய் மட்டும் பி.ஏ. வரை போயிருந்தது. அந்த வாய்க்குத் தீனி, எங்கள் வாலிபர் மன்றம் நடத்திய பட்டிமன்றங்கள்.

என் சிநேகிதன் ஆரோக்கியம் பாலக்கரைக்காரன். ரயில்வே பட்டறையில் வேலை. கிதார் வாசிப்பான். சினிமாப் பாட்டுக்குப் பின்னால் சிணுங்குகிற கிதார் இல்லை. பொன்மலையில் ஆங்கிலோ இந்தியர்கள் கூடி ஆடும்போது ராக் என்று ஒன்று அதிருமே, அது. பழைய ரேடியோவைப் பிரித்து அவனே ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியும் செய்திருந்தான். அதை முடுக்கினால் தெருவில் படுத்திருக்கும் நாய் எழுந்து அடுத்த தெருவுக்குப் போகும். (ரசித்துவிட்டுத்தான் போகும் என்பது என் கட்சி.)

அவனுக்கு ஸ்டெல்லாவைக் கட்டிக்கொள்ள ஆசை. ஸ்டெல்லாவுக்கும் ஆசை. குறுக்கே நின்றவர் அவள் அப்பா லூர்து சார், கணக்கு வாத்தியார். பையன் நல்லவன், வேலையும் நிரந்தரம், ஆனால் இந்த வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு அலைகிறவனை ஊரில் எவன் மதிக்கிறான் என்று கேட்டார். தூது போன நான், ஊர் அவனைக் குறைத்து மதிக்கிறது, குற்றம் ஊருடையது என்றேன்.

"குறைச்சுன்னா எதைவிடக் குறைச்சு?" என்றார் சார். "சரியான மதிப்பு எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தானே தம்பி, அதுல கழிச்சுப் பாக்க முடியும்? தராசே இல்லாம எடை குறையுதுங்கறீங்களே."

வேறு யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு வந்திருப்பார்கள். எனக்கோ அதில் ஒரு பட்டிமன்றத் தலைப்பு தெரிந்தது. 'ஆரோக்கியத்தின் கிதார் உரிய மதிப்பைப் பெற்றிருக்கிறதா, இல்லையா?' நடுவர் லூர்து சாரேதான். 'இல்லை' என்று நான் பேசி நிரூபித்தால், ஊர்தான் தப்பு, பையன் தங்கம் என்று சார் தன் வாயாலேயே தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். பொறி வைப்பதில் நான் புலி. (புலி எந்தப் பக்கமாகப் பொறிக்குள் போகும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.)

எதிரணிக்கு ஸ்ரீரங்கம் ரங்கராஜன். சித்திரை வீதியில் வீடு. கிதார் என்ற வஸ்துவைக் கண்ணால்கூடப் பார்த்திராதவன். அதைச் சொன்னதற்கு, "அதனால என்ன? நீங்க எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்கோ, நான் அந்தண்டைப் பக்கம்" என்றான். கல்யாண விஷயத்தைப் பற்றி அவனிடம் நான் மூச்சு விடவில்லை.

ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணக் கூடத்தில் மாலை நேரக் கூட்டம். முதலில் வாதம், பிறகு தீர்ப்பு, கடைசியில் ஆரோக்கியம் வாசிப்பான் என்று நிகழ்ச்சியை வகுத்ததும் நானே. கிதாரும் பெட்டியுமாக ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் பெட்டிக்கும் டிக்கெட் போட்டார். அன்று அந்த வாத்தியத்துக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

மேடையில் ஆரோக்கியத்துக்கு மாலை போட்டு, சாருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். ஸ்டெல்லா பெண்கள் வரிசையில் முன்னால் இருந்தாள். நான் ஆரம்பித்தேன்.

மதிப்பில்லை என்று நிரூபிக்க வேண்டுமல்லவா? நிரூபித்தேன். இவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துரை இவரைக் கூப்பிட்டு எச்சில் தட்டை எடுக்கச் சொன்னார் என்றேன். கல்யாண வீட்டில் மூன்று மணி நேரம் வாசிக்கவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்தார்கள், பாயசமும் தீர்ந்துபோயிருந்தது என்றேன். இவர் சொந்த அத்தையே 'இன்னுமா அந்தத் தகர டப்பாவை விடலை?' என்கிறார், வீட்டுக்காரர் இரண்டு முறை காலி செய்யச் சொல்லிவிட்டார் என்றேன். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். கைதட்டல் கேட்டால் எனக்குக் கண் தெரியாது. மாலை போட்டு நிறுத்திய ஆடு பூசாரியைப் பார்ப்பதுபோல ஆரோக்கியம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். சார் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வாதம் அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்து, கைவசம் இருந்த கடைசி ஆயுதத்தையும் வீசினேன்.

"இவ்வளவு ஏன், பெரியோர்களே, இவருக்குப் பொண்ணு கொடுக்கக்கூட இந்த ஊர்ல ஆள் யோசிக்கிறாங்க."

கூடம் அதிர்ந்தது. ஸ்டெல்லா எழுந்து வெளியே போனாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடவில்லை, பக்கத்துக் குளத்துத் தவளையைக் கெடுத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

ரங்கராஜன் எழுந்தான்.

"அடியேன் இந்த வாத்தியத்தைக் கேட்டதில்லை. ஆனா ஒண்ணு கேக்கறேன். சபையில எத்தனையோ வித்வான்கள் இருக்கேள். உங்கள்ல யாருக்காவது இப்படித் தனியா ஒரு பட்டிமன்றம் வெச்சாளா? இதுக்கு மேல என்ன மதிப்பு வேணும்? அவரைப் பாருங்கோ. சிநேகிதர் ஊர்க் குப்பையெல்லாம் வாரித் தலையில கொட்டறார், மனுஷர் முகம் சுளிக்கலை. இந்தப் பொறுமைக்கு, நம்மாத்துல ஒரு பொண் இருந்தா கண்ணை மூடிண்டு கொடுக்கலாம். கொடுக்க யோசிக்கறவாளுக்குத்தான் மதிப்புப் போடத் தெரியலை."

சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இவ்வளவு என்று காட்டாமல் குறைவு என்று சொல்ல முடியாது, காட்ட வேண்டிய அணி காட்டவில்லை, ஆகவே எதிரணியே வென்றது என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்து அதே கூடத்தில் உபன்யாசம் இருந்தது. நேரமாகிவிட்டது என்று எங்களை எழுப்பிவிட்டார்கள். கிதார் உறையை விட்டு வெளியே வரவேயில்லை. ஒரு வாசிப்பின் மதிப்பை ஒரு மாலை முழுக்க நிறுத்துப் பார்த்தோம். அந்த வாசிப்பை ஒருவரும் கேட்கவில்லை, கேட்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவுமில்லை.

வாசலில் சார் ஆரோக்கியத்திடம் வந்து, "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாங்க" என்றார். நான் பல்லைக் காட்டினேன். சார் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க பேசி முடிச்சப்போ வேண்டாம்னுதான் முடிவு பண்ணியிருந்தேன், தம்பி."

திரும்பும் பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியது. ஆரோக்கியம் மெதுவாகக் கேட்டான்: "அந்தப் பாயசம் தீந்துபோன கதை உனக்கு எப்படிடா தெரியும்?"

"நீதானடா சொன்னே."

"உன்கிட்ட மட்டும்தான்டா சொன்னேன்."

கல்யாணம் நடந்தது. சாரும் மாப்பிள்ளையும் ஒரே வீட்டில் முன் கட்டு, பின் கட்டாகக் குடியிருந்தார்கள். ஒரு வருஷம் கழித்து சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "இப்பத்தான் தினமும் கேக்குறேன் தம்பி. ஊர் போட்ட மதிப்பு கொஞ்சம் கூடுதலோன்னு படுது" என்றார். அவன் இன்னும் பெரிய கலைஞன், ஊர்தான் தப்பு என்று இன்றைக்கும் சொல்வேன். நிரூபிக்கச் சொன்னால் மட்டும் எழுந்து போய்விடுவேன்.

அந்தக் குடும்பத்தில் அதற்கப்புறம் எந்த வரன் வந்தாலும் ஒரு வழக்கம். ஆரோக்கியத்தின் மூத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தபோது, பெண்ணைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லலாமென்று நான் எழுந்தேன். ஸ்டெல்லா காபித் தட்டை என் கையில் வைத்து, "அண்ணே, நீங்க இதைக் குடுங்க போதும்" என்று அழுத்தி உட்கார வைத்துவிட்டு, உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்: "ஸ்ரீரங்கத்துக்கு ஆள் போயாச்சா? ரங்கராஜன் அண்ணன் வராம ஒருத்தரும் பேச்சை ஆரம்பிக்காதீங்க."