புளூட்டோவை நீக்கியது நான் அல்ல

மயூர் விஹார், டெல்லி.
31 ஆகஸ்ட் 2006, வியாழன்.

மதிப்பிற்குரிய மைத்துனர் திரு. பச்சைமுத்து அவர்களுக்கு, ஏகாம்பரம் பணிவுடன் எழுதிக்கொள்வது.

தாங்களும் பொன்னம்மாள் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் உடம்பளவில் சுகம். என் வீட்டு ஆட்கள் இருவரும் இன்று காலை திண்டுக்கல் வந்து சேர்ந்திருப்பார்கள் என்பதால், அவர்களுடைய சுகத்தை இனித் தாங்கள்தான் எனக்கு எழுத வேண்டும். தங்கள் தங்கை உமாமகேஸ்வரி என்னிடம் கோபித்துக்கொண்டு, மகள் கவிப்ரியாவையும் கூட்டிக்கொண்டு அங்கே வந்திருக்கிறாள். போனில் பேசலாம் என்றால் தங்கள் வீட்டுப் போனை முதலில் எடுக்கிறவள் அவளாகத்தான் இருப்பாள். ஆகவே கடிதம். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவள் இப்படிப் பெட்டி தூக்கியது கிடையாது. அவள் வாயால் கேட்பதற்கு முன் நடந்ததை என் எழுத்தில் தாங்கள் படித்துவிட வேண்டும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புளூட்டோவை நீக்கியது நான் அல்ல.

எங்கள் குடியிருப்புச் சொசைட்டியில் பதினைந்து தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வருஷா வருஷம் பிள்ளையார் சதுர்த்தி கொண்டாடுவது தாங்கள் அறிந்ததே. ஒவ்வொரு வருஷமும் குழந்தைகளுக்கு மாறுவேடம். போன வருஷம் மட்டும் நான்கு முருகன், அதில் இரண்டு முருகன் வேலால் அடித்துக்கொண்டு ஒருவனுக்குத் தையல். இந்த வருஷம் நான் செயலாளர். அமைச்சக வேலையில் இருபத்தாறு வருஷம் பிறர் எழுதியதில் கையெழுத்துப் போட்டவன், ஒருமுறையாவது சொந்தமாக எழுதிப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டு, 'சூரியக் குடும்பம்' என்று ஒரு நாடகம் எழுதினேன். ஒன்பது பிள்ளைகள், ஒன்பது கிரகம். நடுவில் சூரியனாக எங்கள் தலைவர் ஜோதிலிங்கம். அவர் திருநெல்வேலிக்காரர், ஆடிட்டில் இருந்து ஓய்வு பெற்றவர், தமக்கு வேஷம் இல்லாத நாடகத்துக்கு அனுமதி தர மாட்டார். அவர் கடைசிவரை இதை நவக்கிரகம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். "ஒம்பது சரியா வருது ஓய், ஆனா ராகு கேதுவக் காணலியே" என்று ஒத்திகைக்கு ஒத்திகை கேட்டார். சனிக் கிரகமாக நடித்த பையனுக்கு எள் விளக்கு ஏற்ற ஒரு ஏற்பாடும் செய்து வைத்திருந்தார்.

யாரும் பட்சபாதம் என்று சொல்லிவிடக் கூடாதே என்று என் மகளுக்கு ஆகச் சிறியதான, ஆகக் கடைசியான புளூட்டோவைக் கொடுத்தேன். "ஊர்ல உள்ள புள்ளைங்களுக்கெல்லாம் பெரிய பெரிய கிரகம், பெத்த புள்ளைக்குக் கடைக்கோடியா?" என்று உமா அன்றே கேட்டாள். ஆனாலும் மனசைத் தேற்றிக்கொண்டு சரோஜினி நகர் மார்க்கெட்டுக்கு மூன்று தடவை போய், பனிக்கட்டி நிறத்தில் ஜிகினாத் துணி வாங்கி, மூன்று வாரம் கையாலேயே தைத்தாள். கவிப்ரியாவுக்கு ஒரே வசனம். "நான் புளூட்டோ. என்னைக் கண்டுபிடித்தது 1930இல். எனக்குப் பெயர் சொன்னது பதினொரு வயதுச் சிறுமி." இதையும் அவள் ஹிந்தி எழுத்தில் எழுதி வைத்துத்தான் மனப்பாடம் செய்தாள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. அது தனிக் கதை, அதற்கும் என் மேல்தான் பழி.

இப்படி இருக்கையில், போன வெள்ளிக்கிழமை காலை, பண்டிகைக்கு இரண்டே நாள் இருக்க, பேப்பரைப் பிரிக்கிறேன், முதல் பக்கத்தில் செய்தி. பிராக் நகரத்தில் வானியல் விஞ்ஞானிகள் நானூற்றுச் சொச்சம் பேர் கூடி, மஞ்சள் அட்டையைத் தூக்கி ஓட்டுப் போட்டு, புளூட்டோ இனிமேல் கிரகம் இல்லை என்று தீர்மானம் போட்டுவிட்டார்களாம். அதற்குக் 'குள்ளக் கிரகம்' என்று கீழ்ப்படியில் புதிதாக ஒரு கேடர். மைத்துனரே, ஒரு பியூனைப் பதவி இறக்குவதென்றாலும் முதலில் விளக்கம் கேட்டு மெமோ கொடுக்க வேண்டும், பதினைந்து நாள் அவகாசம் தர வேண்டும். எழுபத்தாறு வருஷம் சர்வீஸ் உள்ள ஒன்றை, ஆளே இல்லாத இடத்தில் கை தூக்கி இறக்கிவிட்டார்கள். இந்த ஜனவரியில்தான் அதைப் பார்க்க என்று ஒரு விண்கலத்தை அனுப்பியிருக்கிறார்கள், போய்ச் சேர ஒன்பதரை வருஷம் ஆகுமாம். கிளம்பும்போது கிரகத்தைப் பார்க்கக் கிளம்பியது, பாவம், பாதி வழியில் அதற்கு யார் தகவல் சொல்வது? இந்த ஆதங்கத்தில் நான் செய்தியை வாய்விட்டுப் படித்துவிட்டேன். செய்த தப்பு அது ஒன்றுதான். தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்த உமாவின் கை நின்றது. கவிப்ரியா, "அப்பா, மேரா ரோல் கட் கயா க்யா?" என்றாள். வேஷம் போச்சா என்று கேட்கிறாள். ஆபீசுக்குப் போகும் சார்ட்டட் பஸ் வந்துவிட்டதாகச் சொல்லி நான் ஓடிவிட்டேன். பஸ் வர இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.

சாயந்திரம் அவசரக் கூட்டம். எட்டாம் நம்பர் வீட்டு லீலாவதி ஸ்கூலில் சயின்ஸ் டீச்சர். அவர் மகன் இளஞ்செழியன்தான் சனி. அவர் பேப்பரோடு வந்துவிட்டார்.

"சார், இனிமே எட்டுதான். ஒன்பதுன்னு மேடையில சொன்னா தப்பான பாடம். நாளைக்கு இந்தப் பசங்க பரீட்சையில ஒன்பதுன்னு எழுதினா யார் பொறுப்பு? நீங்க கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

ஜோதிலிங்கத்துக்கு வியர்த்துவிட்டது. "எட்டா? என்னம்மா சொல்லுதிய? புள்ளையார் முன்னால நவக்கிரகத்துல ஒண்ணக் கொறச்சா வெளங்குமா? அந்தப் புள்ளைக்கு ராகு வேசத்தப் போடுங்க, ஒம்பது சரியாயிரும்."

"ராகு கிரகமே இல்லை சார்!"

"புளூட்டோவும் இல்லன்னுதான சொல்லுதிய? அப்ப ரெண்டும் ஒண்ணுதான!"

கடைசியில், பிராக்கில் ஓட்டுப் போட்டார்கள் என்றால் மயூர் விஹாரிலும் போடலாம் என்று முடிவாயிற்று. வீட்டுக்கு ஒரு ஓட்டு. புளூட்டோ இருக்கட்டும் என்று ஏழு வீடு, வேண்டாம் என்று ஆறு வீடு. பாக்கி இரண்டு ஓட்டு, தலைவருடையதும் என்னுடையதும். ஜோதிலிங்கம், "நான் சூரியன்வே. எல்லாக் கிரகமும் என்னையத்தான் சுத்துது. நான் ஒரு பக்கமாச் சாயப்பிடாது" என்று ஒதுங்கிக்கொண்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உமா பின்வரிசையில் உட்கார்ந்து அந்த உடுப்பில் கடைசி நட்சத்திரத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. நான் கை தூக்காமல் இருந்திருந்தால் புளூட்டோ ஒரு ஓட்டில் பிழைத்திருக்கும். ஆனால் மேலிடத்து உத்தரவு வந்துவிட்டால் கீழே அமல்படுத்துவதுதான் முறை என்று இருபத்தாறு வருஷம் பழகிய கை, மைத்துனரே, அது தானாக உயர்ந்துவிட்டது, வேண்டாம் என்கிற பக்கத்தில். ஏழுக்கு ஏழு. சமம். பின்வரிசையில் உமா பல்லால் நூலைக் கடித்து அறுத்தது எனக்குக் கேட்டது.

சமமானதால் சமரசம் என்று சொல்லி, புளூட்டோ மேடைக்கு வரலாம், ஆனால் சூரியன் மாலை போட்டு வழியனுப்ப வேண்டும், பணி ஓய்வு மாதிரி, என்று நானே ஒரு காட்சி எழுதிச் சேர்த்தேன். சனிக்கிழமை பூராவும் அதே வேலை. வீட்டில் மூன்று வேளையும் உப்புமா. கவிப்ரியாவிடம், "சூரியன் மாமா மாலை போடுவார், நீ கும்பிட்டுட்டுப் போயிடணும்" என்று சொல்லிக்கொடுத்தேன். "அச்சா" என்றாள். குழந்தை ஒப்புக்கொண்டது என்றே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் ஷாமியானா போட்டு, மேடையும் போட்டாயிற்று. பஞ்சாபிக் குடும்பங்களும் வந்திருந்தார்கள். இளஞ்செழியன் இடுப்பில் கட்டியிருந்த சனி வளையம் படியேறும் வழியில் நுழையவில்லை. பையனைப் பக்கவாட்டில் சாய்த்து நுழைத்ததில் வளையம் போய் ஜோதிலிங்கத்தின் கிரீடத்தைத் தட்டிவிட்டது. சூரியன் குனிந்து கிரீடம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் புதனும் வெள்ளியும் மோதிக்கொண்டு அழுதன. பூமி தன் வசனத்தை மறந்து செவ்வாயின் வசனத்தைச் சொல்ல, செவ்வாய், "யே தோ மேரா ஹை!" என்று தன் வசனத்துக்கு உரிமை கோரிக் கத்தினான். இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். கடைசியில் கவிப்ரியா வந்தாள். அந்த உடுப்பில், சொன்னால் நம்ப மாட்டீர்கள், குழந்தை அப்படியே பனியால் செய்தது போல இருந்தாள். தன் வசனத்தைச் சொன்னாள். ஜோதிலிங்கம் மாலையைப் போட்டு, "போயிட்டு வாம்மா" என்றார்.

அவள் போகவில்லை. மேடையை விட்டு இறங்கி, நாற்காலிகளைச் சுற்றி, சுண்டல் அண்டாவைச் சுற்றி, ஷாமியானாவுக்கு வெளியே வாட்ச்மேன் ஸ்டூலையும் சுற்றிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். கூட்டமே கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறது. ஜோதிலிங்கம் மைக்கில், "போதும்மா, மாலை போட்டாச்சுல்லா, வீட்டுக்குப் போ" என்றார். கவிப்ரியா ஓடிக்கொண்டே மூச்சு வாங்கச் சொன்னாள்:

"அங்கிள், நான் இவ்ளோ தூரத்துல இருக்கேன்ல? அவங்க மீட்டிங் போட்டது எனக்குத் தெரியவே தெரியாது. யாரும் பதாயா ஹீ நஹீ, சொல்லவே இல்ல. நான் சுத்திக்கிட்டேதான் இருப்பேன். நீங்க எண்ணினா எண்ணுங்க, எண்ணாட்டி போங்க."

முதலில் எழுந்து கை தட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? லீலாவதி. "கரெக்ட்! பேரைத்தானே மாத்தினாங்க, பாதையை மாத்தலையே!" என்றார். அப்புறம் ஷாமியானா முழுக்கக் கைதட்டல். மற்ற எட்டுக் கிரகமும் மேடையை விட்டுக் குதித்து அவள் பின்னால் ஓட, சூரியன் மட்டும் மாலையோடு தனியாக நின்றார். சிறந்த நடிப்புக்கான எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கவிப்ரியாவுக்கே. திரும்பிப் பார்த்தால் உமா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனேன். "அந்தப் புள்ளைக்கு இருக்கிற தைரியத்துல..." என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்து, நிறுத்திவிட்டாள். அந்த வாக்கியத்தை அவள் இன்றுவரை முடிக்கவில்லை. நான்தான் தினமும் விதவிதமாக முடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஆபீசிலிருந்து வந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி லீலாவதி வீட்டில். பிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு: "மாவு உள்ளே இருக்கு. பால்காரனுக்குச் சொல்லியாச்சு." அன்புள்ள என்று இல்லை, இப்படிக்கு என்றும் இல்லை. இப்படி ஒரு தாளை என் சர்வீஸில் கண்டதில்லை. அன்றிலிருந்து இட்லி ஊற்றுகிறேன், அது கல்லாக வருகிறது, அதையே தின்கிறேன். வீட்டில் ஹிந்திப் பேச்சு கேட்காமல் காது அடைத்துப் போயிற்று. தாங்கள் பெரியவர். அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். நான் கை தூக்கியது தப்பு. எந்த ஊர் விஞ்ஞானி என்ன சொன்னாலும் பெற்ற பிள்ளையின் பக்கம் நின்றிருக்க வேண்டும். செயலாளர் பதவியை நேற்றே ராஜினாமா செய்துவிட்டேன். கால் பிடிக்கச் சொன்னாலும் பிடிக்கிறேன். எங்களை ஒன்று சேர்த்து வைப்பது தங்கள் பொறுப்பு.

குலதெய்வம் தங்கள் குடும்பத்துக்குக் குறை வைக்காமல் காக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள்.

தங்கள் அன்பு மாப்பிள்ளை,
ஏகாம்பரம்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை இன்றைய ரயிலில் திண்டுக்கல் வரும் நண்பர் ஜெயசீலன் கையில் கொடுத்தனுப்புகிறேன். என் நல்லெண்ணத்துக்குச் சாட்சியாக அந்த வழியனுப்பு வசனத்தையும் இணைக்கலாம் என்று, சனிக்கிழமை அதை எழுதிய தாளை எடுத்தேன். நல்ல தடிமனான தாள். திருப்பிப் பார்த்தால், 'ஆவணி 19, திங்கட்கிழமை, எங்கள் பேத்தியின் காதணி விழா, அனைவரும் வருக, இங்ஙனம் பச்சைமுத்து' என்று அச்சடித்திருக்கிறது. ஓரத்தில் பென்சிலில் உமாவின் எழுத்து: 'எனக்கும் கவிக்கும் செவ்வாய் டிக்கெட். உங்களுக்கு வெள்ளி. லீவு எழுதிக் கொடுக்கவும்.' அவள் செவ்வாய்க் காலையில்கூட வாசல்வரை வந்து, "நாங்க கெளம்புறோம், வெள்ளிக்கிழமை வண்டிய விட்டுறாதீங்க" என்று சொன்னதும், நான் பேப்பரிலிருந்து தலை தூக்காமல் "அச்சா" என்றதும் இப்போதுதான் நினைவுக்கு வருகின்றன. ஜெயசீலன் கீழே ஆட்டோவில் உட்கார்ந்து கூப்பிடுகிறார். கடிதத்துக்கு எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றிவிட்டேன், ஏற்றியதை அனுப்பாமல் இருக்க முடியாது. ஆகவே பிழைதிருத்தம்: மேலே 'கோபித்துக்கொண்டு' என்று வரும் இடத்தில் 'காதுகுத்துக்கு' என்று திருத்தி வாசித்துக்கொள்ளவும். நாளை வண்டி ஏறி ஞாயிறு காலை வருகிறேன். இதை உமா கண்ணில் மட்டும் காட்டிவிடாதீர்கள். படித்தால் நிஜமாகவே கோபித்துக்கொள்வாள், அப்புறம் அவள் பெட்டி தூக்கிக்கொண்டு போக வேறு அண்ணனும் இல்லை.