கோரஸ் பெடல் அண்ணன்

கிட்டார் வாசிக்கிறவர்கள் ஓர் இனம். கிட்டாரிலிருந்து ஒயர் போகிற வழியில் காலால் மிதிக்கும் பெட்டி ஒன்றை வைத்து, அதன் திருகுகளை ஆயுள் முழுக்கத் திருகிக்கொண்டே இருப்பவர்கள் இன்னோர் இனம். இந்த இரண்டாவது இனத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். முகத்தை அல்ல, குனிந்த தலையின் உச்சியை.

எங்கள் பாட்டுக் குழுவில் அப்படி ஒருவர் இருக்கிறார். அவருடைய தங்கை பாடுவாள், தங்கை புருஷன் டிரம்ஸ், நான் கீபோர்டு, அவர் பேஸ் கிட்டார், பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த ஒலி. பகலில் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். பேஸ் வாசிக்கிறவரின் துயரம் உங்களுக்குத் தெரியுமா? அது ஒலிக்கும்போது ஒருவரும் கவனிப்பதில்லை. நின்றுபோனால் மட்டும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தத் துயரம் முற்றிப்போய்த்தான் அண்ணன் கோரஸ் பெடல் வாங்கினார். ஒரு கம்பியைத் தட்டினால் பத்துப் பேர் கொஞ்சம் முன்னே பின்னே தட்டுவதுபோல் அலையடிக்கவைக்கும் பெட்டி அது.

அன்றிலிருந்து ஒத்திகை என்பது ஒத்திகையாக இல்லை. மெக்கானிக் கடை மாடியில் நாங்கள் எல்லாவற்றையும் மாட்டி, மைக் பார்த்து, தண்ணீர் குடித்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்து நின்ற பிறகும் அண்ணன் முட்டிபோட்டுத் திருகை மயிரிழை நகர்த்தி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார்.

“இது நல்லா இருக்கா... இல்ல, இதுவா?”

“மச்சான், எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்” என்பான் தங்கை புருஷன்.

“அப்ப காதைக் காட்டு. டாக்டர்கிட்ட.”

வேலை புத்தி! ஆனால் கடையில் மங்கலைத் தெளிவாக்குவார். இங்கே தெளிவை மங்கலாக்கினார்.

இதற்கிடையில் தங்கைக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. இனிமேல் பாடுவாளா என்றே தெரியாமல் பல மாதங்கள் போயின. அந்த நாட்களில் அண்ணன் பெடலைத் தொடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கடைசியில் டாக்டர் அனுமதி கொடுத்தார். முதல் மேடையும் அந்த மருத்துவமனை ஆண்டு விழாவிலேயே அமைந்தது. முன்வரிசையில் அதே டாக்டர்.

முதல் பாட்டின் தொடக்கத்தில் குரலும் பேஸும் மட்டும்தான். அண்ணன் பெடலை மிதித்தார். அவ்வளவு பெரிய அரங்கத்தில் அந்தச் சத்தம் குளம்போல் ததும்பியது. எங்கே ஆரம்பம், எங்கே முடிவு, ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாவது வரியில் அவள் சுருதி வழுக்கியது. மூன்றாவது வரியில் நிறுத்திவிட்டாள். டாக்டர் தன் தொண்டையைத் தொட்டுக்கொண்டார்.

அவள் பின்னால் திரும்பி மெதுவாகத்தான் சொன்னாள். மைக் ஊருக்கே சொல்லிவிட்டது.

“அண்ணா, நான் உன்னைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பாடணும். இங்க பத்து அண்ணன் நிக்கிறாங்க. நான் யாரைப் பிடிக்கிறது?”

அரங்கம் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. தலையை நிமிர்த்தித் தங்கையைப் பார்த்தார். காலால் பெடலை அணைத்துவிட்டு ஒரே ஒரு சுரம் தட்டினார். வெறும் பேஸ். மினுக்கு இல்லை, அலை இல்லை. அவள் அதன்மேல் குரலை வைத்தாள், நின்றது. அடுத்த வரி ஏறியது. பாட்டு முடியும்வரை அவர் தங்கையின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டாக்டர் எழுந்து நின்று கைதட்டினார். டிரம்ஸுக்குப் பின்னால் அவள் புருஷன் மூக்கை உறிஞ்சினான்.

பிறகு டாக்டர் மேடைக்கு வந்து அண்ணன் கையைக் குலுக்கினார். “உங்க பேஸ் பிரமாதம் சார். ஒவ்வொண்ணும் நெஞ்சுல வந்து விழுந்துச்சு.”

அண்ணனுக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் பாராட்டு.

“பாத்தீங்களா மச்சான்? பெடல் இல்லாமலேயே!” என்றான் தங்கை புருஷன்.

அண்ணன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். “உனக்கு என்னடா தெரியும்? நல்ல பெடலா இருந்தா, அணைச்சு வச்சாலும் சத்தத்துக்கு ஒரு மெருகு வரும்.”

கிட்டாரே தொட்டதில்லை, நமக்கென்ன என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் வீட்டில் உங்களைப் பார்த்து “வர்றீங்களா, இல்லையா?” என்று கேட்டார்களே, அதற்கு நீங்கள் “வரணும்னுதான் இருக்கு, ஒரு பக்கம் யோசிச்சா வேலை, இன்னொரு பக்கம் பாத்தா... சரி, பாப்போமே” என்றீர்களே, ஞாபகம் இருக்கிறதா? ஒரே வாயில் பத்துப் பேர் பேசிய பதில் அது. கேட்டவர் இன்னும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில்தான் நிற்கிறார்.