வைரஸுக்கு நான் சொன்ன உவமை

உவமை சொல்ல வராதவர் நல்ல ஆசிரியர் ஆக முடியாது என்பார்கள். உவமை சொல்ல வந்தவர் நல்ல மாப்பிள்ளை ஆக முடியாது என்பதை என் அனுபவத்திலிருந்து சேர்த்துக்கொள்கிறேன்.

எழுபதுகளின் கடைசி. கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளராகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கமலாவை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். (பெண் பார்த்த அன்றே மனத்தளவில் மூன்று முடிச்சும் போட்டுவிட்டேன்.) வருங்கால மாமனாருக்கு நிலம் நிறைய. ஆனால் உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகு அவர் பெயரில் இருந்தது கொஞ்சம்தான். மீதி சமையல்காரர், கணக்குப்பிள்ளை, காலமாகிவிட்ட ஒரு சித்தப்பா ஆகியோர் பெயரில் இருந்தது. ஊருக்கே தெரிந்த இந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியாது.

ஆட்சி மாறியதும் துண்டின் கட்சிக் கரையை மாற்றிக்கொண்டுவிட்ட மாமா, ஊர்ப் படிப்பகத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கினார். “மாப்பிள்ளை புத்துநோயைப் பத்திப் பேசுவாரு” என்று சொல்லி, நோட்டீஸ் அடித்து என்னையும் மேடையேற்றினார். முன்னால் நாற்காலிகளில் மிராசுதார்கள், பின்னால் ஜமக்காளத்தில் குத்தகை விவசாயிகள், ஓரமாகப் பெண்களோடு கமலா.

“சில வைரஸ்கள் நம் செல்லுக்குள் நுழைந்து, தம் ஜீனை நம் ஜீன்களுக்கு நடுவே செருகிவிடும்” என்று ஆரம்பித்தேன். “செல் பிரியும்போதெல்லாம் அதையும் சேர்த்தே நகல் எடுக்கும்.”

முகங்களில் அசைவில்லை. உவமையை எடுத்தேன்.

“குத்தகைக்கு வந்தவர் நிலத்தைத் தன் பெயரில் பதிந்துகொள்வதுபோல.”

நாற்காலிகள் கைதட்டின. குத்தகைதாரர் சங்கச் செயலாளர் தங்கராசு எழுந்தார்.

“சார், நாங்க வந்த வயல்ல நெல்லு விளையுது. உங்க வைரஸ் என்ன விளைவிக்குது?”

நியாயமான கேள்வி. பிழை என்று தெரிந்தால் உடனே திருத்திவிடுவது என் வழக்கம். திருத்தினேன்.

“மன்னிக்கணும், குத்தகை பொருந்தாது. வைரஸ் உழுவதே இல்லை. அதன் ஜீன் செல்லின் சொந்தச் சொத்துபோல ஒளிந்திருக்கும். செல்லுக்கே தெரியாது. சில வைரஸ் ஜீன்கள், ‘போதும், வளராதே’ என்னும் கட்டுப்பாட்டையே முடக்கிவிடும். அப்புறம் உச்சவரம்பு ஏது? செல் பெருகிக்கொண்டே போகும். சரியான உவமை, பினாமி.”

இப்போது ஜமக்காளம் கைதட்டியது. நாற்காலிகள் மாமாவைத் திரும்பிப் பார்த்தன. கைதட்டலில் மயங்கி மேலே போனேன்.

“இன்னும் வேடிக்கை, சில வைரஸ்களிடம் இருக்கும் புற்றுநோய் ஜீன் ஆதியில் செல்லினுடையதுதான். வைரஸ் எப்போதோ எடுத்துக்கொண்டு போனதைத் திரித்துத் திரும்பக் கொண்டுவருகிறது.”

“ஆக, அடிச்சுக்கிட்டுப் போன சொத்து” என்றார் தங்கராசு.

“ஏறக்குறைய” என்றேன். (அந்த வார்த்தையைத் தமிழிலிருந்தே நீக்கிவிடலாம்.)

வைரஸ் நுழைந்த எல்லாருக்கும் புற்றுநோய் வந்துவிடாது, வேறு பல காரணங்களும் சேர வேண்டும் என்று அடுத்து சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. மாமா மைக்கை அணைத்திருந்தார்.

வரும்போது காரில் அழைத்து வந்த மாமா, “கடைசி பஸ் போயிடும், கிளம்புங்க” என்றார். அன்றைய நாட்குறிப்பில், “கூட்டம் முடிந்தது” என்று மட்டும் எழுதினேன். மறுநாள் தரகர் வந்து, கல்யாணம் தள்ளிப்போகிறது என்றார். எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு மேலே பார்த்தார்.

காப்பாற்றியது கமலா. அப்பாவிடம் அவள் சொன்னதைப் பின்னால் மாமியார் வழியாக அறிந்தேன். “இப்ப நிறுத்தினா, அவரு சொன்னது உங்களைத்தான்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ப்பா. நடத்திட்டா, ஏதோ கிருமியைப் பத்திப் பேசினாருன்னு போயிடும்.”

தன்மீது தவறில்லை என்று நிரூபிக்க மாமா கல்யாணத்தைத் தடபுடலாக நடத்தினார். தங்கராசு முதல் பந்தியிலேயே உட்கார்ந்து பாயசம் இரண்டாம் தடவை கேட்டார்.

அடுத்த வருஷம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார், கையில் பத்திரம்.

“ஒரு கையெழுத்து, மாப்பிள்ளை. உங்களுக்குத்தான் இதெல்லாம் நல்லாத் தெரியுமே.”

போட்டேன். என் பெயரிலும் கொஞ்சம் நஞ்சை இருக்கிறது. எந்த வாய்க்கால் ஓரம் என்று இன்றுவரை தெரியாது. ஊரிலிருந்து அரிசி மூட்டை வரும்போதெல்லாம், “இது நம்ம வயல்ல விளைஞ்சதா?” என்று கேட்பேன்.

கமலா பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வாள்:

“செல்லுக்கே தெரியாதுன்னு அன்னைக்கு மைக்ல சொன்னீங்களே. பேசாம சாப்பிடுங்க.”