மாமியார் முட்டிக்கு ஒரு வேண்டுதல்

பச்சையப்பன் பின்பக்கமாக நடந்துவந்து அடுக்களை வாசலில் மனைவி மேல் மோதினான். அவள் கையிலிருந்த ரசச் சட்டி கீழே விழுந்து, ரசம் தரையெல்லாம் ஓடியது. நல்லவேளையாக யார் காலிலும் படவில்லை.

பூங்காவனம் ரசத்தைப் பார்க்கவில்லை. அவன் காலைத்தான் பார்த்தாள். காலிலிருந்து முகத்துக்கு வந்தாள். திரும்பவும் காலுக்குப் போனாள்.

"இன்னா பண்ணிகினு கீறீங்க?"

உண்மையைச் சொல்வது சுலபம். பின்தொடைத் தசை அறுந்ததற்கு பிசியோதெரபி டாக்டர் கொடுத்த பயிற்சி, தினம் மூன்று வேளை பின்னால் நடக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னால் தசை எப்படி அறுந்தது என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வி எந்தப் பக்கம் சுற்றினாலும் கபடியில் போய்த்தான் நிற்கும்.

"வேண்டுதல்," என்றான் பச்சையப்பன்.

கபடி என்ற சொல்லையே அந்த வீட்டில் எடுக்கக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன் கபடி ஆடி, தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டு வந்து நாற்பது நாள் படுத்துக் கிடந்தான். அது முகூர்த்த மாசம். தறியில் பாதிச் சேலை நின்றது. பூங்காவனம் ஒற்றை ஆளாகத் தறிக்குழியில் இறங்கி அந்தச் சேலையையும் முடித்தாள், அதற்கடுத்த சேலையையும் முடித்தாள். முடித்த கையோடு அவனைத் தெருக்கோடி கங்கையம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனாள். எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைக்க வைத்து, இனி கபடி ஆடுவதில்லை என்று சத்தியம் வாங்கினாள். மீறினால் மகள் காவ்யாவைக் கூட்டிக்கொண்டு தெள்ளாரில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்றும் சொன்னாள். பூங்காவனம் சொன்னால் செய்கிறவள். அவள் இல்லாத வீட்டைப் பச்சையப்பன் ஒருமுறை நினைத்துப் பார்த்து, சோறு இறங்காமல் எழுந்து போயிருக்கிறான்.

அப்படியும், போன மாசம் வெம்பாக்கம் பக்கத்தில் திருவிழாக் கபடி என்று ஆள் வந்து கூப்பிட்டபோது அவனுக்குத் தன் முப்பத்தொன்பது வயது மறந்துபோயிற்று. பட்டு முதலாளியிடம் தறிக்குப் பாவு நூல் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான். முதல் ரெய்டு. எதிர் அணிக்காரன் ஒருவனும் இன்னும் கையை நீட்டவில்லை. தொடையில் பட்டென்று ஏதோ அறுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். யாரும் தொடாமலே அவுட்டான ஆளைப் பார்த்து ஊரே சிரித்தது. அந்த அவமானத்தை வீட்டில் சொல்லி ஆற்றிக்கொள்ளக்கூட வழியில்லை.

ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக வந்திருந்த பிசியோதெரபி டாக்டர் அபிஜித், திருமலைப் பக்கத்து ஜைன வீட்டுப் பிள்ளை. பொறுமைசாலி. கால் நோவுக்காரர்கள் வந்துபோகிற இடத்தை மாடியில் வைத்திருந்தது ஒன்றுதான் அவரிடம் குறை. காலையில் பெண்களுக்கு, சாயங்காலம் ஆண்களுக்கு. பச்சையப்பன் ஒரு சாயங்காலம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பதினேழு படி ஏறிப் போய், ஊசி போடச் சொன்னான். ஊசி இல்லை என்றார் டாக்டர். மாத்திரையாவது கொடுங்கள் என்றான். அதுவும் இல்லை. ஆடுவதற்கு முன் உடம்பைச் சூடு பண்ணிக்கொண்டீர்களா என்று கேட்டார். ஒரு மணி நேரம் பஸ்ஸில் நெருக்கியடித்து நின்று வந்ததில் உடம்பு நன்றாகவே சூடாகியிருந்தது என்றான் பச்சையப்பன்.

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாமல் ஒரு தாளை எடுத்தார். பின்னால் நடப்பது, ஒற்றைக் காலில் முப்பது எண்ணும்வரை நிற்பது, மல்லாந்து படுத்துக் காலைத் தூக்குவது என்று படம் போட்டே எழுதிக் கொடுத்தார். ஆறு வாரம் விடாமல் செய்ய வேண்டும். விட்டால், தறியில் மிதிக்கட்டையை மிதிக்கும்போதே திரும்ப அறுந்துகொள்ளும். கடைசியில் வீட்டு விலாசம் எழுதும்போது மட்டும் ஒருமுறை நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"என் வூட்டுக்காரிக்குத் தெரியவே கூடாதுங்க டாக்டர்."

"இங்க வர்றவங்க யாரைப் பத்தியும் நான் யாருகிட்டயும் சொல்றதில்லைங்க," என்றார் அபிஜித். "அது யாரா இருந்தாலும் சரி."

தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டு பச்சையப்பன் இறங்கி வந்தான். வீட்டுக்குள் நொண்டாமல் நடப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அந்த வாரம் பூங்காவனமும் லேசாக நொண்டிக்கொண்டிருந்தாள். மகளிர் குழு மீட்டிங்குக்குத் தெள்ளார் வரை போய் வந்ததில் புதுச் செருப்பு கடித்துவிட்டதாம். தன் நொண்டலை மறைப்பதிலேயே குறியாக இருந்தவன் அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்த நிலைமையில்தான் ரசச் சட்டி விழுந்தது.

"வேண்டுதலா? யாருக்கு?" என்றாள் பூங்காவனம்.

பச்சையப்பன் திருதிருவென்று முழித்தான். தனக்கு என்றால் உடம்புக்கு என்ன என்பாள். காவ்யாவுக்கு என்றால் பதறிப் போவாள். வாய் தானாக ஒரு வழியைக் கண்டுபிடித்தது.

"உங்கம்மாவுக்கு. முட்டி நோவுதுன்னு சொல்லிகினு இருந்தாங்களே."

கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் மாமியாரின் உடம்பைப் பற்றி அவன் பேசியது அதுதான் முதல் தடவை. பூங்காவனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று தெரிந்ததும் பச்சையப்பனுக்கு நெஞ்சு இளகிவிட்டது.

"அம்மனுக்குன்னு பண்றத வூட்டுக்குள்ள பண்ணா எப்டிங்க?" என்றாள் கண்ணைத் துடைத்தபடி. "கோயில சுத்தித்தான் பண்ணணும். ஒம்பது சுத்து."

மறுநாள் விடிந்ததும் பச்சையப்பன் கங்கையம்மன் கோயிலைப் பின்பக்கமாகச் சுற்றினான். முதல் சுற்றில் விளக்குக் கம்பத்தில் இடித்துக்கொண்டான். இரண்டாவது சுற்றில் பூக்காரியின் கூடையில் உட்கார்ந்தான். தூங்கிக்கொண்டிருந்த தெருநாயை மூன்றாவது சுற்றில் மிதித்தான். நாலாவது சுற்றை அந்த நாயே வேகமாக முடித்து வைத்தது.

பக்கத்து வீட்டுச் சின்னபொண்ணு தண்ணிக் குடத்தோடு நின்று விசாரித்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள், கூடவே வந்திருந்த பூங்காவனம் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மாமியாருக்காக இப்படி ஒரு மருமகனா என்று சின்னபொண்ணு குடத்தை இறக்கி வைத்துவிட்டே ஆச்சரியப்பட்டாள். மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

தெருவுக்குத் தெரிந்த வேண்டுதலுக்கு ஒழுங்குமுறை வேண்டும் அல்லவா? அதையும் பூங்காவனமே வகுத்தாள். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். மஞ்சள் வேட்டி. வெறுந்தரையில் படுக்கை. டீ, பீடி கிடையாது. கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அவளும் காவ்யாவும் கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டு சாப்பிட, அவனுக்கு மட்டும் பாவக்காய் வந்தது. அவன் பார்த்த பார்வையைப் பார்த்து, வேண்டிக்கொண்டது நீங்கள்தானே, நாங்கள் இல்லையே என்றாள். அவன் பாவக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

கறி சாப்பிட்டால்தான் தசை ஒட்டும் என்று ஒரு சீட்டு எழுதித் தரும்படி டாக்டரிடம் போய் நின்றான். தலைமுறை தலைமுறையாகக் கறியைத் தொடாத வீட்டுப் பிள்ளையிடம் அதைக் கேட்டது அவன் தப்புத்தான். அபிஜித் தினம் ஒரு கைப்பிடி பச்சைப்பயறு ஊற வைத்துச் சாப்பிடச் சொல்லிவிட்டு, ஒற்றைக் காலில் நிற்பதை அறுபது எண்ணிக்கையாக உயர்த்தினார்.

பத்தாவது நாள் பூங்காவனமும் வேண்டுதலில் சேர்ந்துகொண்டாள்.

"தனியா கஷ்டப்படறீங்க, பாக்கவே பேஜாரா கீது. எங்கம்மாவுக்கு நான் பண்ணாம யாரு பண்றது?"

அவளும் கூடவே பின்னால் நடந்தாள். ஒற்றைக் காலில் நின்றாள். பச்சையப்பன் இருபதிலேயே தள்ளாடிக் கோயில் சுவரைப் பிடித்தான். அவள் சத்தமாக எண்ணிக்கொண்டே ஆடாமல் அறுபதையும் முடித்தாள். அதோடு விட்டாளா? கோயில் படி விளிம்பில் முன்னங்காலை வைத்து, குதிகாலை மட்டும் ஏற்றி ஏற்றி இறக்கினாள். தரையில் துண்டை விரித்து, கால்விரலாலேயே அதைச் சுருட்டிச் சுருட்டி இழுத்தாள். இதெல்லாம் என்ன என்று கேட்டான். தெள்ளார் பக்கத்தில் வேண்டுதல் என்றால் இதுவும் சேர்த்திதான் என்றாள். செருப்புக் கடியும் அவளுக்கு எப்போதோ ஆறியிருந்தது.

இப்படி ஒரு பெண்சாதியை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோமே என்று பச்சையப்பனுக்கு அன்றைக்கு நிஜமாகவே மனசு வலித்தது. சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை பக்கத்தில் போனான். தெள்ளார் பஸ் கண் முன்னால் வந்து நின்றது. திரும்பி வந்துவிட்டான்.

மூன்றாவது வாரம் மாமியாரிடமிருந்து போன் வந்தது. தெருவில் போன் இருந்தது சின்னபொண்ணு வீட்டில்தான். முட்டி நோவு குறைந்துவிட்டது, கீழே உட்கார்ந்து எழுந்திருக்கிறேன் என்ற செய்தியைச் சின்னபொண்ணு பூங்காவனத்திடம் சொல்வதற்கு முன் பதினோரு வீட்டில் சொல்லியிருந்தாள். போதாதற்கு, அம்மன் பச்சையப்பன் கனவில் வந்து பின்னால் நடக்கச் சொன்னதாகவும் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஆறு பெண்கள் வந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை இருபத்திரண்டு. தறியில் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போனவர்கள், முட்டி தேய்ந்தவர்கள், சும்மா வேடிக்கை பார்க்க வந்து சேர்ந்துகொண்டவர்கள். எல்லாரும் பின்பக்கமாக நடந்தால் யார் எங்கே போகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? பூசாரி ஆரத்தித் தட்டோடு இரண்டு தடவை கீழே விழுந்தார். ஆனாலும் நாலைந்து பேருக்கு இடுப்பு வலி உண்மையிலேயே குறைந்திருந்தது. பூசாரிக்கு ஏக குஷி. வருகிற வெள்ளிக்கிழமை பச்சையப்பனுக்குப் பொன்னாடை போர்த்தப்படும் என்றும், அம்மன் கனவில் வந்ததை அவர் கற்பூரத்தின் முன் நின்று தம் வாயால் சொல்வார் என்றும் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்.

பச்சையப்பனுக்குக் கை கால் ஓடவில்லை. முதல் சத்தியத்தை மீறியதற்கு ஒரு தொடை போயிற்று. அதே அம்மன் முன்னால், அதே கற்பூரத்தில், இன்னொரு பொய் சொன்னால் என்ன போகுமோ? சொல்லாவிட்டால் பெண்சாதி போய்விடுவாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே டாக்டரிடம் ஓடினான். இனி பின்னால் நடக்கக் கூடாது என்று ஒரு சீட்டு வாங்கிவிட்டால், அதைக் காட்டி எப்படியாவது தப்பித்துவிடலாம். ஆனால் காலையில் மட்டும் வேலைக்கு வருகிற பாஞ்சாலை, துடைப்பத்தைக் குறுக்கே பிடித்து அவனைப் படியிலேயே நிறுத்திவிட்டாள். இது பெண்கள் வருகிற நேரம், ஆம்பிளைகளுக்குச் சாயங்காலம்தான். கங்கையம்மன் கோயிலில் இன்றைக்குத் தன் மானம் போகப்போகிறது என்று கெஞ்சிப் பார்த்தான். பாஞ்சாலை முகம் மலர்ந்துவிட்டது. ஜனமெல்லாம் பின்னால் நடக்கிறார்களாமே, அந்தக் கோயிலா, வேலை முடிந்ததும் தானும் வந்து பார்க்கிறேன் என்றாள்.

உச்சிவேளைப் பூஜைக்குக் கோயிலில் நல்ல கூட்டம். பொன்னாடை போர்த்தினார்கள். பூசாரி கற்பூரத்தை ஏற்றித் தட்டை அவன் முகத்துக்கு நேராக நீட்டினார். ஒற்றைக் காலில் நின்றிருந்த பெண்கள் அப்படியே கைகூப்பினார்கள். பச்சையப்பன் கற்பூரத்தைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற பூங்காவனத்தைப் பார்த்தான்.

"கனவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் கபடி ஆடப் போனேன். தொடை அறுந்துபோச்சு. இதெல்லாம் பிசியோதெரபி டாக்டரு குடுத்த எக்சசைஸு. பூங்காவனம், நீ தெள்ளாருக்குப் போயிடுவியோன்னு பயந்துதான் மறைச்சேன்."

இருபத்திரண்டு கால்களும் மெதுவாகத் தரைக்கு இறங்கின. எல்லாரும் பூங்காவனத்தைப் பார்த்தார்கள்.

"அம்மன் முன்னால உண்மைய சொல்லிட்டாரு," என்றாள். "நான் எங்கியும் போவல."

கூட்டம் உருகிப்போயிற்று. பொறுமை என்றால் இதல்லவா பொறுமை என்று சின்னபொண்ணு மூக்கைச் சிந்தினாள். பச்சையப்பனுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. இந்த ஜென்மத்தில் இனி கபடித் தரையை மிதிப்பதில்லை என்று, யாரும் கேட்காமலே கற்பூரத்தில் அடித்து இரண்டாவது தடவை சத்தியம் செய்தான்.

பூசாரி புதுக் கற்பூரம் ஏற்றினார். இனி ஒருவருக்கொருவர் எதையும் மறைப்பதில்லை என்று இரண்டு பேருமாகக் கையை வையுங்கள் என்றார். பச்சையப்பன் உடனே கையை நீட்டினான். பூங்காவனம் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"எனக்கு எதுக்கு சாமி? நான் இன்னா தப்பு பண்ணேன்?"

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்த பாஞ்சாலை, பூங்காவனத்தைக் கண்டதும் அப்பாடா என்று நின்றாள்.

"ஏம்மா பூங்காவனம், நீ இங்கதான் கீறியா, கணுக்கால் வீக்கம் வத்திப்போச்சுன்னு நீ பாட்டுக்குக் கபடியில ரெய்டு போயிடப்போற, இன்னும் பத்து நாளு ஆவணுமாம், நாளைக்குத் தெள்ளார் மேட்ச்சுல உங்க மகளிர் குழு டீமுக்கு வேற ஆளப் போட்டுக்கச் சொல்லி டாக்டரு சொல்லியனுப்பினாரு."